மாமா அனுப்பிய ஜிக் ஜெயித்த விதம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்தோடு எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் "ம்", "சரி மாமா" என்பதற்கு மேல் பேசியதில்லை. இது அதற்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

நீங்கள் அனுப்பிய ஜிக், உளியைச் சாணை பிடிக்கும்போது பிடித்துக்கொள்கிற அந்த இரும்புக் கை, பத்திரமாக வந்து சேர்ந்தது, அதனால்தான் இத்தனை வம்பும். பெட்டியைப் பிரித்ததும் அப்பா அதைக் கைக்குழந்தை போல இரண்டு கையாலும் தூக்கினார். உளியின் கழுத்தை அது கவ்விக்கொள்கிறது, நாம் இடவலமாக ஆட்டினால் போதும், சாணைக்கல்லில் எத்தனை முறை வைத்தாலும் அதே கோணம், அதே சரிவு. அப்பா மரக் கடைசல் வேலைக்கு வந்த நாளிலிருந்து உளியைக் கூராக்குகிறேன் என்று குட்டையாக்கியவர். அவர் சாணை பிடித்த குழிஉளி முதல் தடவையாக ஒரே முகமாகப் பளபளத்ததைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல சாமான் மாமா, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் அக்கா இருக்கிறாளே. அம்மா வெறும் கையால் சாணை பிடிப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? பிடியை இடுப்போடு அணைத்துக்கொள்வாள். சரிவின் அடிப்பக்கத்தை முதலில் கல்லில் தொடவிட்டு, கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அசைப்பாள். பொறி விளிம்பைத் தாண்டி மேலே வந்ததும் எடுத்துவிடுவாள். இத்தனைக்கும் நடுவே அப்பாவை எதற்காவது திட்டிக்கொண்டே இருப்பாள், திட்டு நின்றால்தான் உளியில் கோளாறு என்று அர்த்தம். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டறை பெருக்க வந்ததிலிருந்து துடைப்பமும் கையுமாகப் பார்ப்பது இதைத்தான். ஒரு மூலையைப் பெருக்க இவ்வளவு நேரமா என்று அப்பா கேட்பார். என்னையும் கடைகிற லேத்தில் நிற்க விடுங்கள் என்று மனசுக்குள் தினமும் கேட்கிறேன், வாய் வரைக்கும் வந்ததில்லை. நான் கேட்காமலே அப்பா ஒருநாள் பதில் சொல்லிவிட்டார், இடது கைக்காரிக்கு அந்த மெஷின் ஒத்துவராதாம். அதனால் மதியம் இரண்டு பேரும் கண்ணயரும்போது, அம்மா ஒதுக்கிப் போட்ட ஒரு குழிஉளியை எடுத்து, அவளைப் போலவே இடுப்பில் அணைத்துச் சாணை பிடித்துப் பார்ப்பேன். அப்பாவின் குறட்டையில் சாணைச் சத்தம் வெளியே கேட்காது. இது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போது, ஜிக் வந்த பிறகு கைப்பழக்கம் எதற்கு என்று அப்பா சொல்லப்போக, "உங்க இரும்புக் கைக்குக் காது இருக்கா? கல்லு சொல்றது அதுக்குக் கேக்குமா?" என்று அம்மா கேட்க, "காது இல்லாததாலதான் உன் திட்டு கேக்காம ஒழுங்கா வேலை செய்யுது" என்று அவர் சொல்ல, பந்தயமாகிவிட்டது. அவர் ஜிக்கிலும் அவள் வெறும் கையாலும் ஆளுக்கொரு குழிஉளியைச் சாணை பிடிக்க வேண்டும். தோற்றவர் இனிமேல் ஜெயித்தவர் வழியில்தான் சாணை பிடிக்க வேண்டும். நடுவர் பக்கத்துக் கடை நாற்காலிக்காரர், எங்களிடம் நாற்காலிக் கால் வாங்குகிறவர், இரண்டு பேருக்கும் சமமாகப் பயப்படுகிறவர். எது யாருடையது என்று அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இருவரும் தெருவில் நிற்க, உளிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. வாய் திறக்காதவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கொண்டுபோகும்போது அப்பாவின் உளி கதவு நிலையில் இடித்து, சிமெண்டுத் தரையில் மூக்குக் குப்புற விழுந்தது. நுனி உடைந்துவிட்டது. "விழுந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே மாமா. பிடிகள் எல்லாம் அம்மா கடைந்தவை, ஒரே அச்சு. அதற்குப் பதிலாக, மதியங்களில் நான் சாணை பிடித்து வைத்திருந்த என்னுடையதை எடுத்து நீட்டிவிட்டேன். எப்படியும் அது தோற்கும், அம்மா ஜெயிப்பாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நாற்காலிக்காரர் இரண்டு உளியாலும் ஒரு கட்டையைக் கடைந்தார். தடவினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி தடவினார். பிறகு அப்பாவுடையதாக நான் கொடுத்த என் உளியைக் காட்டி, "இதுதான் ஒரு படி மேல" என்றார். அப்பா தெருவில் போன சைக்கிள்காரரை நிறுத்தி ஜிக்கைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா அந்த உளியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், சரிவில் கட்டைவிரலை ஓட்டினாள், "நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜிக்கில்தான் பிடிக்கிறாள். அந்தக் கை சும்மா கிடக்க, இரும்புக் கை ஆடுகிறது. பட்டறையில் திட்டுச் சத்தமே இல்லை, அப்பாகூட இருப்புக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். நான் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை அவளிடமிருந்து நானே பிடுங்கிவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் எழவில்லை. ஆகவே, ஜிக்கில் ஏதோ பழுதாம், உடனே திருப்பி அனுப்புங்கள் என்று தயவுசெய்து நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசியோடு கொஞ்சம் தைரியமும் சேர்த்து அனுப்பினால் நல்லது.

உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எடுக்கப் பட்டறைக்குப் போனேன். அம்மா சாணையிலிருந்து நிமிராமலே, "மாமாவுக்கா? உளி உன்னோடதுன்னு எழுதிட்டியா?" என்றாள். நான் பசை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஜிக் பிடித்த சரிவு ஒரே முகமாக இருக்குமாம், அதில் மூன்று முகம் இருந்ததாம், மூன்றும் இடது கை போகிற போக்கில் சாய்ந்திருந்ததாம். மதியத்தில் தூங்குவது அப்பா மட்டும்தானாம். "நீயா வாயத் திறப்பேன்னு பாத்தேன். இத்தன நாள் திட்டாம இருக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்றாள். அப்போதுதான் மாமா, எப்படி வந்தது என்றே தெரியவில்லை, "என்னை லேத்துல நிக்க விடும்மா" என்று சொல்லிவிட்டேன். "துடைப்பத்த வெச்சுட்டு வா" என்றாள்.

ஆகவே மேலே கேட்ட கடிதம் வேண்டாம். ஜிக் இங்கேயே இருக்கட்டும், அப்பாவின் உளிகள் மேலும் குட்டையாகாமல் இருக்க அது தேவை. அம்மா மறுபடி வெறும் கையால் பிடிக்கிறாள். பந்தயம் என்னாச்சு என்று அப்பா கேட்டார், அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது, முகம் மலர்ந்து போய்விட்டார். ஜெயித்தது ஜிக்தான் என்று இன்னும் நம்புகிறார், கெடுக்காதே என்று அம்மா சொல்லிவிட்டாள். உங்களுக்கு நன்றி சொல்லித் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.