வைக்கோலில் சிவக்காத ஸ்ட்ராபெரி

மலைமேல் ஒரு காட்டில் பிராணிகளெல்லாம் பாடுபட்டு ஸ்ட்ராபெரித் தோட்டம் போட்டன. காய்த்ததும் சிங்கராஜா சட்டம் போட்டார்: "சிவந்த பழமெல்லாம் அரசுக்கே." வெள்ளைக் காயைப் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை.

அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் தோழர் முள்ளரசன் என்னும் முள்ளம்பன்றி. ஊர்வலத்திலும் உண்ணாவிரதத்திலும் முள் நரைத்தவர்.

"தோழர்களே! வெள்ளையாக இருக்கும்போதே பறிப்போம். மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைப்பதில்லையா? இதுவும் அப்படித்தான். சிவக்காவிட்டால் என் முட்களைப் பிடுங்கி உங்களிடமே தருகிறேன்!"

கைதட்டலில் காடு அதிர்ந்தது. கைக்கு எட்டியதையெல்லாம் பறித்து வைக்கோலில் புதைத்தார்கள். தினமும் முயல் பூவாத்தா விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, செவக்கவே இல்லையே?"

"பொறு பூவாத்தா. வரலாறு மெதுவாகத்தான் பழுக்கும்."

"வரலாறு பழுக்குதோ என்னவோ, காய் அழுகுதுண்ணே."

மாங்காயின் பெருந்தன்மை ஸ்ட்ராபெரிக்குக் கிடையாது. செடியில் இருந்தால்தான் பழுக்கும். பறித்தால் அதோடு சரி. முள்ளரசன் படித்த எந்தத் துண்டறிக்கையிலும் இது இல்லை.

"குறடு கொண்டாரட்டுமாண்ணே?" என்று குரங்கு மாயழகு அன்பாகக் கேட்டான். முள்ளரசனுக்கு முதுகெல்லாம் கூசியது.

அந்நேரம் பார்த்து சிங்கராஜா வந்துவிட்டார். "சிவப்பை எங்கேயடா ஒளித்தீர்கள்?" என்று வைக்கோலுக்குள் தலையை விட்டார். உள்ளே வெளுத்த உருண்டைகள். உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டு. ஸ்ட்ராபெரி விதையை வயிற்றுக்குள் மறைக்காது, தோல்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ராஜாவோ அதுவரை சாறாகவே குடித்தவர். பழத்தின் முகத்தைப் பார்த்ததில்லை.

"என்னடா இது?"

"அம்மை, மகாராஜா," என்றார் முள்ளரசன். "தோட்டம் பூராவும் போட்டிருக்கிறது. வேப்பிலை கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ராஜா கிரீடத்தைக்கூட எடுக்காமல் அடுத்த மலைக்கு ஓடிவிட்டார். திரும்பவேயில்லை. "எல்லாம் திட்டமிட்டதுதான்!" என்று முழங்கினார் முள்ளரசன். குறடு அதற்குள் காணாமல் போயிருந்தது.

"இனிமே செடியிலயே பழுக்க விட்டுரலாம்ல அண்ணே?" என்றாள் பூவாத்தா.

"விடலாம். ஆனால் அம்மை என்று நம் வாயாலேயே சொல்லிவிட்டோம். உண்மையிலேயே இருந்துவிட்டால்? சிவந்ததையெல்லாம் யாராவது முதலில் தின்று பார்க்கவேண்டும். அந்த ஆபத்தை நானே ஏற்கிறேன்."

தோழர்கள் கண்கலங்கிக் கைதட்டினார்கள். முள்ளரசன் தோட்டத்துக்குள் குடியேறினார். மற்றவர்களுக்கு வெள்ளைக் காய் வந்து சேர்ந்தது, ஆளுக்கொரு கட்டு வைக்கோலோடு.

நீதி: காயைப் பொதுவில் வை, கனியைத் தியாகியிடம் விட்டுவிடு.