மாட்டிறைச்சி வேண்டுமென்றால் ஞாயிறு ஆட்டம் கிடையாது

பெல்-ஷூத், கியூபெக்
20 மார்ச் 1908, வெள்ளிக்கிழமை

ஆயர் இல்லத்தில் பணிபுரியும் வணக்கத்துக்குரிய அருட்தந்தை அன்செல்ம் புருனெல் அவர்களுக்கு, காலஞ்சென்ற ஒனெசிம் தெல்லியேவின் மனைவியும் தங்கள் மூத்த சகோதரியுமான யூஜெனி எழுதுவது.

தவக்காலத்தின் பதினேழாம் நாளாகிய இன்று தங்கள் உடலும் ஆன்மாவும் திடமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். என் முழங்கால் வழக்கம்போல் இருக்கிறது. ஆயரின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதத்தின் முதல் பத்தியில் கோபம் தெரியக்கூடாது என்று மடத்துப் பள்ளியில் மதர் சென்-போல் கற்றுத்தந்தார். இரண்டாம் பத்தியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி, ஆயரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு நாளை காலைக்குள் எனக்குத் தந்தி கொடு. சம்பளம் வாங்கிக்கொண்டு பனிக்கட்டியில் ஹாக்கி ஆடுவது வேலையா, விளையாட்டா? ஒரு சொல்லில் பதில் போதும். அதற்குமேல் அவர் ஏதாவது சொன்னால் அதை நீயே வைத்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் கிளப் இந்தக் குளிர்காலத்தில் வெளியூர்க்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறது. கிளப் தலைவர், மர ஆலை முதலாளி உர்துபீஸ், ஒண்டாரியோவிலிருந்து டெனிஸ் மகுவையர் என்ற ஆட்டக்காரனைக் கொண்டுவந்து என் மாடியறையில் தங்கவைத்தார். ஏழு பேரில் அவன்தான் ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடி ஆடுகிறவன். நல்ல பிள்ளை. காலணியை வாசலிலேயே கழற்றுவான், கரண்டியைச் சரியாகப் பிடிப்பான், பல் நான்குதான் குறைவு. என் வீட்டில் தவக்காலம் எப்படி நடக்கும் என்பது உனக்குத் தெரியும். இந்தக் காலத்து ஆயர்கள் எத்தனை சலுகை கொடுத்தாலும் நாற்பது நாளும் என் அடுப்பில் இறைச்சி ஏறாது. உப்பு ஹெர்ரிங் மீன், பட்டாணி சூப், ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெல்லப்பாகு. டெனிஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டாம் தட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நிலையில் கோப்பைக்கான இரண்டு ஆட்டங்கள் வந்தன. இரண்டிலும் சேர்த்து யார் அதிக கோல் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் கோப்பை. முதல் ஆட்டம் செவ்வாயன்று ஸ்டாண்டிஷ் ஊரில் நடந்தது, ஏழுக்கு நான்கு என்று தோற்றோம். எதிரணிக்காரன் எங்கள் கோல்காவலர் காதில் மட்டையால் அடித்தது, அங்குள்ள கோல் நடுவர் ஆடும் ரப்பர் தட்டு கோலுக்குள் போகாமலே கையைத் தூக்கியது, இதெல்லாம் நம்மூர்ப் பத்திரிகைக்குச் செய்தியாகத் தெரியவில்லை. அது என்ன எழுதியது தெரியுமா? "நம் முதன்மை ஆட்டக்காரர் பிற்பாதியில் சோர்ந்து காணப்பட்டார். ஒரு குறிப்பிட்ட விதவையின் மேசையில் இரண்டு வாரமாக ஹெர்ரிங் மீனைத் தவிர வேறெதுவும் பரிமாறப்படவில்லை என அறிகிறோம்." பெயர் போடவில்லையாம். இந்த ஊரில் விடுதி நடத்தும் விதவைகள் இரண்டே பேர். இன்னொருத்தி மிஸஸ் மெக்காஸ்கில், மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்டு சபைக்காரி, மூன்று வேளையும் மாட்டிறைச்சி போடுகிறவள். புதன்கிழமை காலை என் கதவுக் கைப்பிடியில் யாரோ ஒரு ஹெர்ரிங்கை, வாலில் கறுப்பு ரிப்பன் கட்டி, தொங்கவிட்டிருந்தார்கள். முப்பத்தொரு ஆண்டு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவள் நான். ரொட்டி வாங்கப் போனால் தச்சன் பிலோரோம், "மேடம், மீன் வலை வாங்கி கோலுக்குக் கட்டிடலாமா?" என்றான். கடையே சிரித்தது. அவன் திருமணத்துக்கு மேசைவிரிப்பு கொடுத்தவள் நான்.

இரண்டாம் ஆட்டம் இங்கே வியாழனன்று நடக்க வேண்டியது. புதனன்று திடீரென்று வெயிலடித்தது, ஆட்டக் கொட்டகைக்குள் பனிக்கட்டி உருகிக் கஞ்சியாகிவிட்டது. சனி இரவு உறையும், ஞாயிறு மதியம் ஆடலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குமேல் ஸ்டாண்டிஷ்காரர்கள் தங்கமாட்டார்களாம். நேற்று மதியம் உர்துபீஸ் என் வரவேற்பறைக்கு வந்தார், பங்குத்தந்தை பெல்ரீவையும் கூட்டிக்கொண்டு. பாதர் உட்காரவேயில்லை. உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல அவருக்குக் கூச்சம் போலிருக்கிறது.

"மேடம் தெல்லியே," என்றார் பாதர், "கடின உழைப்பாளிகளுக்கு உபவாசம் கட்டாயமில்லை. டெனிஸ் சம்பளத்துக்கு ஆடுறான். அதனால அவன் தொழிலாளி. நான் விலக்கு கொடுத்துட்டேன். அவனுக்கு மாட்டிறைச்சி போடுங்க."

"ரெண்டு வேளை," என்றார் உர்துபீஸ். "ரத்தம் சொட்டணும்."

"சரி பாதர், அவன் தொழிலாளி," என்றேன். "அப்போ ஞாயித்துக்கிழமை எப்படி ஆடுவான்? ஆண்டவர் நாளில் கூலி வேலை செய்யக்கூடாதுன்னு போன மாசம் நீங்கதானே முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணீங்க? என் வேலைக்காரி அன்னைக்கு ஒரு பொத்தான் தைச்சதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணினாளே."

பாதர் கூரையைப் பார்த்தார். "திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் வேலை, மேடம். ஞாயித்துக்கிழமை அது... ஒரு கண்ணியமான பொழுதுபோக்கு."

"அப்போ ஞாயித்துக்கிழமைக்குச் சம்பளம் கிடையாதா?"

"அதைக் காணிக்கைன்னு வெச்சுக்கலாம்."

"விளையாட்டுன்னா மாட்டிறைச்சி கிடையாது," என்றேன். "வேலைன்னா ஞாயித்துக்கிழமை கிடையாது. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் ரெண்டுக்கும் தயார்."

உர்துபீஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை மதியத்துக்குள்ள அவன் தட்டுல இறைச்சி இல்லேன்னா அவன் பெட்டி மெக்காஸ்கில் வீட்டுக்குப் போயிடும். அதுக்கப்புறம் நம்ம கிளப் ஆளுங்க யாரும் உங்க படியேற மாட்டாங்க. யோசிங்க மேடம்."

யோசித்தேன். அவர்கள் படியிறங்கியதும் மாடிக்குப் போய் டெனிஸின் இரண்டு பனிச்சறுக்குக் காலணிகளையும் எடுத்து, துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஊரே கூடி வந்து வாசலில் நின்றாலும் ஆயரின் பதில் வரும்வரை அந்தப் பெட்டி திறக்காது. வேலை என்று ஆயர் சொன்னால் சனிக்கிழமை இறைச்சி போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை அவன் மாடியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லட்டும். விளையாட்டு என்று சொன்னால் ஹெர்ரிங்கைத் தின்றுவிட்டுப் போய் மூன்று கோலையும் திருப்பி வாங்கட்டும். கோப்பை எங்கே வேண்டுமானாலும் போகட்டும், மனசாட்சி என்னோடு இருக்கும். ஆனால் ஒரு பிள்ளையை ஆறு நாள் தொழிலாளியாகவும் ஏழாம் நாள் கனவானாகவும் மாற்றி, நடுவில் என் சமையலறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் பொறுக்கமாட்டேன். உன்னை அரிச்சுவடி படிக்க வைத்தவள் நான் என்பதையும், குருமடத்திலிருந்து நீ இரண்டு தடவை ஓடிவந்தபோது அப்பாவிடம் சொல்லாமல் திருப்பி அனுப்பியவள் யார் என்பதையும் ஆயரிடம் பேசப் போகும் முன் ஒருமுறை நினைத்துக்கொள். பாதர் பெல்ரீவ் உனக்குக் கீழே படித்தவராமே. கணக்குப் பாடத்திலும் அவர் ஒரு கேள்விக்கு இப்படித்தான் இரண்டு விடை சொல்வாரா?

உனக்கும், உன்னோடு பணிபுரியும் குருக்களுக்கும், சமையற்காரச் சகோதரி எவலினாவுக்கும் என் அன்பையும் ஜெபத்தையும் தெரிவி. கழுத்துத்துணி இல்லாமல் வெளியே போகாதே. ஆயரின் மோதிரத்தை என் சார்பில் முத்தமிடு.

கர்த்தருக்குள் உன் அக்காள்,
யூஜெனி தெல்லியே

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது டெனிஸ் கையில் பயணப் பெட்டியோடு கூடத்தில் நின்றான். "மேடம், என்னால உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வேணாம், நானே போயிடறேன்," என்றான். "நீ போனால் மனசாட்சியோடு போ, ஒரு கத்தோலிக்கனுக்கு அதுதான் அழகு," என்றேன். அவன் தரையைப் பார்த்தான். "மேடம், நான் கத்தோலிக்கன் இல்ல. எங்க குடும்பமே பிரெஸ்பிட்டீரியன், புராட்டஸ்டண்டு. வந்த அன்னைக்கே நீங்க, மகுவையர்னா ஐரிஷ், ஐரிஷ்னா நம்மாளுன்னு சொல்லி ஜெபம் ஆரம்பிச்சிட்டீங்க. நடுவுல எப்படி நிறுத்தறது? அந்த மீனும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு." ஞாயிறுதோறும் பூசைக்கு வந்தாயே என்று கேட்டேன். வெளியே என் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். அது உண்மைதான். பாதர் விலக்கு கொடுத்ததும், நான் பூட்டு போட்டதும், நீ ஆயரிடம் கேட்கப் போவதும் எல்லாம் ஒரு பிரெஸ்பிட்டீரியனின் ஆன்மாவுக்காக. நம் தவக்காலமும் ஞாயிறும் அவனைக் கட்டாது, ஆகவே ஆயரிடம் எதுவும் கேட்க வேண்டாம். இந்தக் கடிதத்தை எரித்துவிடு. காலணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் பயணப் பெட்டியை மறுபடி மாடிக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, நானே இறைச்சிக் கடைக்குப் போனேன். தவக்கால வெள்ளிக்கிழமை என்னை வாசலில் கண்ட கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.