சிலிண்டரை மூடியாச்சு, மாப்பிள்ளை

வட்டவளை,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை கிஷாந்த் அவர்களுக்கு, மாமனார் பொன்னையா அன்போடு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே உங்கள் சுகமும், நிஷாந்தியின் சுகமும், அவள் வயிற்றுக்குள் இருந்து உதைக்கிறவரின் சுகமும் அறிய ஆவல். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நம் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் போன் பேசினால் பக்கத்து வீடெல்லாம் பதில் சொல்லும். அழகன் இன்று ஓட்டோவில் கினிகத்தேனைக்குச் சாமான் எடுக்க வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு அத்தை வருவாளா என்று நீங்கள் இருவரும் கவலைப்படுவது தெரியும். நியாயம்தான். உங்கள் கலியாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பெண்ணைப் பெற்றவளைக் காணோம். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கக் கோயிலிலிருந்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். மகள் கழுத்தில் தாலி ஏறியதை இன்றுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள், பார்க்கும்போதெல்லாம் அழுகிறாள். உங்கள் வீட்டார் அதை மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். அது மூடியதையே திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிற வியாதி மாப்பிள்ளை. விழுங்கிய குளிசை பாதிதான் கேட்டது என்பதால், கண்டியில் டாக்டரம்மா தலையில் காந்தம் வைக்கிற வைத்தியம் செய்து பார்க்கலாம் என்றார்.

காந்தம் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் ஃபெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற இடத்தில் வேலை பார்த்தவன் இல்லையா, தூளுக்குள் ஆணி, கம்பித்துண்டு என்று எது கிடந்தாலும் காந்தம் இழுத்துப்போடுவதைக் கண்ணால் பார்த்தவன், ஆகவே அத்தையின் தலைக்குள் ஏதோ கிடக்கிறது, அதை இழுக்கப் போகிறார்கள் என்று அவளுக்கு நானே விளக்கம் சொல்லிவிட்டேன், அவள் பயந்துபோய் மூக்குத்தியைக் கழற்ற முடியாமல் தேங்காய் எண்ணெய் போட்டுத் திருகி மூக்கெல்லாம் வீங்கி, அந்த மூக்கோடுதான் கண்டிக்குப் போய் அவள் தங்கச்சி நாகலெட்சுமி வீட்டில் தங்கினோம். தினமும் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை வைப்பார்கள், டக் டக்கென்று தட்டும், லேசாகத் தலைவலிக்கும், முடிந்ததும் எழுந்து நடந்து வருவாள். முதல் நாளே நான் டாக்டரம்மாவிடம் என்ன வந்தது, கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எதையும் வெளியே எடுப்பதில்லை, ஒரே தடத்தில் சுற்றுகிற நினைப்பைத் தட்டி விலக்கப் பார்க்கிறோம் என்றார்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. மெஷினைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பயத்தை வேண்டுமென்றே கிளப்பிவிட வேண்டுமாம். அந்த வேலை எனக்கு. எங்களுக்குக் கலியாணமான நாளிலிருந்து மூடியாச்சு, மூடியாச்சு என்றே சொல்லிப் பழகிய வாய், "ஏம்மா, வரும்போது சிலிண்டர மூடுனியா? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு" என்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது மாப்பிள்ளை. நான் சொன்னது கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது போலிருக்கிறது, வெளியே காத்திருந்த ஒரு ஐயா எழுந்து வீட்டுக்குப் போன் போட்டார், அவரைப் பார்த்து நர்ஸும் தன் வீட்டுக்குப் போட்டார். மறுநாளிலிருந்து என்னை மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

இப்படியே சில வாரம் போயிற்று. முழுக்கப் போகாது, குறையும் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். குறைந்திருக்கிறது. இப்போது ஒரு தடவை பார்ப்பாள், மறுபடி பார்க்கப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள், பிறகு எழுந்து வெளியே வந்துவிடுவாள். ஆனாலும் நான் கூட இல்லாமல் அவளால் வாசற்படி தாண்ட முடியாது. இந்த வீட்டில் நிதானமான ஆள் நான் ஒருவன்தானே. நாளைக்கு நானே கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், நீங்கள் நிம்மதியாகப் பந்தலைக் கவனியுங்கள்.

மாரியம்மா உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். மகளைப் படியில் வேகமாக இறங்க வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் மாமனார்,
பொன்னையா

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அத்தை சேலை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, "ஏங்க, புள்ளைக்கு மருதாணி வைக்கணும், நான் முன்னாடி போறேன். சிலிண்டர மூடிட்டு நீங்க நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு கினிகத்தேனை பஸ்ஸில் ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிலிண்டரை இத்தனை வருடத்தில் அவள் என்னைத் தொடவிட்டதே இல்லை. அந்தத் திருகுப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்ததில் எது திறந்தது, எது மூடியது என்று எனக்கு மறந்துபோய்விட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் அழகன் ஹோர்ன் அடிக்கிறான். அவன் வீட்டில் விறகடுப்பு, அவனைக் கேட்டும் பிரயோசனமில்லை. எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று அவனிடமே சொல்லி அனுப்புங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அத்தையிடம் மட்டும் கேட்கவே வேண்டாம், கேட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாள். நான் வராவிட்டாலும் பரவாயில்லை மாப்பிள்ளை, மகள் கையில் முதல் வளையலை அவள் போடட்டும்.