புரூனோவின் ஏசிக்குக் காவல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புது இனம் பெருகியிருக்கிறது. நாயைச் சொல்லவில்லை, நாய் வளர்ப்பவரைச் சொல்கிறேன். அதிலும், ஊருக்குப் போகும்போது நாய்க்காக யன்னல் ஏசியை ஓடவிட்டுப் போகிறவரை. காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் அண்ணாந்து பாருங்கள்: மாடி யன்னலில் ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நின்று உங்கள் தலையில் தண்ணீர் சொட்டும். உள்ளே யாரோ பெரிய மனிதர் இளைப்பாறுகிறார் என்று நினைப்பீர்கள். இளைப்பாறுவது புரூனோ.

எங்கள் வினோதனை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் நல்ல உத்தியோகம். பனி தேசத்து ஹஸ்கி நாயான புரூனோவை, சித்திரை மாதத்தில் சுவரே வியர்க்கும் கொழும்புக்குக் கொண்டுவந்தது தான்தான் என்பது அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் அது நாக்கைத் தொங்கப்போட்டால் மட்டும் உலகமே குற்றவாளி. பயணம் என்று வந்துவிட்டால் அவருடைய உடுப்பை மனைவி ரூபிகா அடுக்குவார்; அவரோ ஏசியைச் சுற்றியுள்ள இடுக்குகளில் பஞ்சு அடைத்து, பசை நாடா ஒட்டி, திரைச்சீலையை இழுத்து மூடி, போனில் பார்ப்பதற்குக் கமரா பூட்டி, கடைசியில் நாயின் முன்னால் முழங்காலில் இருந்து ஆலோசனை கேட்பார்.

"இருபத்துநாலு காணுமோ, கண்ணா? கொஞ்சம் குறைச்சு விடட்டோ?"

நாய் கொட்டாவி விடும். குறைத்துவிடுவார்.

அந்த ஏசியில் ஒரு குறை. பழையது, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது. யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த யாராவதுதான் அப்பா தியாகராசா. ஏசி அறைக்கு வெளியே, முன் ஹோலில், முனகிக்கொண்டு சுற்றும் மின்விசிறிக்குக் கீழே அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

இந்த முறை பயணம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்கு, ஒரு கலியாணத்துக்கு. தியாகராசாவின் ஒரே தங்கை கனகேஸ்வரியின் மகள் ஹம்சிகாவின் கலியாணம். தாய்மாமன் இல்லாமல் ஒரு மணவறையா என்று நீங்கள் கேட்கலாம். வினோதன் அதை யோசிக்காமல் இருப்பாரா? மாமியிடம், "அப்பாவுக்குக் கால் வீக்கம், பயணம் சரிவராது" என்றார். அப்பாவிடம், "அங்கை சரியான வெக்கை, நீங்கள் தாங்கமாட்டியள். நான் வீடியோ அனுப்புறன்" என்றார். கலியாணத்துக்கு உடுக்க எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டியை அப்பா திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். வெக்கையிலிருந்து காப்பாற்றுவதற்காகவே அப்பாவை வெக்கைக்குள் விட்டுப் போன புண்ணியவானை வேறெங்கே காண்பீர்கள்?

கலியாணத்துக்கு முதல்நாள். கோண்டாவில் வீட்டில் பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வினோதன் போனை நீட்டினார்.

"பாருங்கோ, புரூனோ நித்திரை கொள்ளுற வடிவை."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மெத்தையில் நாய். மெத்தையின் ஓரத்தில், வெறும் நிலத்தில், சேட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு மனிதர்.

"இது எங்கடை அண்ணையெல்லே?" என்று கனகேஸ்வரி போனை வாங்கினார். அந்தக் கமராவில் கதைக்கவும் முடியும். வினோதன் நேரத்துக்கு நேரம் அதில் "டடி வந்திடுவன்" என்று நாய்க்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி அதையே அழுத்தினார்.

"அண்ணா."

முதலில் நாய் காதை நிமிர்த்தியது. பிறகு தியாகராசா பதறி எழுந்து சேட்டைத் தேடினார்.

"ஆர், கனகமோ?"

"கால் வீக்கம் எப்பிடி அண்ணா?"

"எனக்கோ? எனக்கென்ன வீக்கம்? கரண்ட் போய் வந்தது, ஏசியைப் போட வந்தனான். குளிர் சுகமாய் இருந்திது, கொஞ்சம் சரிஞ்சிட்டன்." குரலைத் தாழ்த்தினார். "தம்பியிட்டைச் சொல்லிப்போடாதை."

தாச்சியில் எண்ணெய் கொதித்தது. பலகாரம் போட ஒருவருக்கும் கை வரவில்லை.

"இண்டைக்கே பஸ் ஏறுங்கோ அண்ணா. நீங்கள் வராமல் என்ரை பிள்ளை மணவறையிலை இருக்காது."

"அப்ப நாய்? கீழ்வீட்டு நிலாம் தான் பாக்கிறன் எண்டவர். தம்பிதான் வேண்டாமெண்டிட்டான்."

எல்லோரும் வினோதனைப் பார்த்தார்கள்.

"நிலாம் நானாவுக்குப் புரூனோவின்ரை மனம் விளங்காது மாமி," என்றார் வினோதன், மிகவும் பொறுமையாக.

வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்துக்கு அது வராது. தியாகராசா வீட்டுத் திறப்பை நிலாமிடம் கொடுத்துவிட்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறிய அதே நேரத்தில், வினோதன் யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் ஏறினார். வவுனியாவுக்குத் தெற்கே எங்கேயோ அப்பனும் மகனும் ஒருவரையொருவர் கடந்து போயிருப்பார்கள். தாய்மாமன் பட்டு வேட்டியோடு மணவறைப் பக்கத்தில் நின்று வாய் நிறையச் சிரித்தார். மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "அவனுக்கு வீட்டிலை ஒரு சோலி" என்று மட்டும் சொன்னார். பெற்ற மனம் அப்படித்தான் மூடி மறைக்கும்.

நீங்கள் நாய் வளர்ப்பதில்லை, ஆகவே இது யாரோ ஒருவருடைய கதை என்றுதானே சிரிக்கிறீர்கள்? நல்லது. உங்கள் வீட்டு ஏசி எந்த அறையில் இருக்கிறது? இந்த மத்தியான வெயிலில் அந்தக் கதவுக்கு வெளியே இருப்பது யார்? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைச் சிரியுங்கள்.