செஸ்டர் மாமாவிடம் இன்னும் கேட்டுவிடாதே

ஹேஸல் தெரு, டன்பரி, பென்சில்வேனியா
மே மாதம், சனிக்கிழமை மதியம்

அன்பு மகள் கோர்ட்னிக்கு அப்பா எழுதுவது.

உன் அம்மா நலம், நாய் நலம், வலது குதிகால் நீங்கலாக நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள், கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே.

போன ஞாயிறு நான் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "கல்யாணத்தன்னிக்கு இந்தக் காலோட சர்ச்ல பீடம் வரைக்கும் நீங்க என்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனா, நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்ப்பா. அடுத்த ஞாயிறு பூசைக்குள்ள டாக்டரைப் பார்த்துட்டு எழுத்துல கொடுங்க. இல்லேன்னா செஸ்டர் மாமாவைக் கேட்டுடுவேன்" என்றாய். போனில் சொன்னால் நம்ப மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாய். நியாயம்தான். போன அக்டோபர் ஹாலோவீனிலிருந்து 'இப்ப பரவாயில்லை' என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். ஆனால் உன் மாமாவுக்கு எப்படியோ சேதி போய்விட்டது. மனுஷன் புது சூட்டே எடுத்துவிட்டாராம், வீட்டு நடையில் முன்னும் பின்னும் நடந்து பழகுகிறாராம். இதை உன் அம்மா என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் கவலை மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

சரி, டாக்டரைப் பார்த்த கதைக்கு வருகிறேன். நம் ஊரில் பாத டாக்டர் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் தூக்கத்தில்கூட சொல்லுவேன், சலவைக் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில், என் தபால் சுற்றில் நாற்பத்திரண்டாவது வாசல். காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவார்கள், முன்பதிவு வேண்டாம், எக்ஸ்ரேயும் அங்கேயே, கார் நிறுத்தினால் கதவு கைக்கெட்டும் தூரம். 'குதிகால் வலியா? இன்றே வாருங்கள்' என்ற அவர்களுடைய அட்டையை நாலு வருஷமாக அறுநூறு பெட்டிகளில் போட்டவனே நான்தான். அடுத்தவர் தபாலைப் படிக்கக் கூடாது என்று நான் வைத்திருக்கும் கொள்கை என் காலையே பதம் பார்த்துவிட்டது.

திங்கட்கிழமை சுற்றுக்குக் கிளம்பும்போதே இன்று சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனேன். கதவைத் திறந்தேன், தபால் கட்டை மேஜையில் வைத்தேன், "வரேம்மா" என்றேன், திரும்பிவிட்டேன். சலவைக் கடையைத் தாண்டி ஐம்பத்தோராவது வாசலில் நாய் குரைத்தபோதுதான் நான் எதற்குப் போனேன் என்பதே ஞாபகம் வந்தது. செவ்வாய், புதன், அதே கதை. பதினோரு வருஷம் ஒரு வாசலில் இருபது விநாடிக்கு மேல் நிற்காத கால்கள், சொன்னால் கேட்குமா? அதனால் வியாழக்கிழமை, எனக்கு லீவு நாள், சீருடை போடாமல் போனேன். உள்ளே நுழைந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது வரவேற்பு மேஜை விவியனின் குரல்.

"லென், இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? அந்தக் கடிதத்தையெல்லாம் எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

கையில் அவர்கள் அனுப்ப வைத்திருந்த தபால் மொத்தமும் இருந்தது. காத்திருந்த அத்தனை பேரும், காலில் கட்டுப் போட்டவர்கள் உள்பட, சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் வைத்தியத்தின் முதல் படி.

டாக்டர் அடேர் என்ற அம்மா, உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என் குதிகாலில் கட்டைவிரலை அழுத்தினார். நான் தேவாலயத்தில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். எத்தனை நாளாக வலி என்றார், சொன்னேன்.

"தினமும் என் வாசலுக்கு வர்றீங்களே, ஒரு நாள் உள்ள வந்து சொல்லியிருக்கலாமே?"

"உள்ளயும் தினமும்தான் வந்தேன் டாக்டர்" என்றேன்.

எலும்பு முறியவில்லை. பாதத்துக்கு அடியில் ஓடுகிற நார் புண்ணாகியிருக்கிறதாம். முழங்கால் வரை ஏறும் ஒரு கறுப்பு பூட்ஸை மாட்டிவிட்டார், விண்வெளிக்குப் போகிறவர்கள் போடுவதுபோல. இரண்டு வாரம் அதோடு இருக்க வேண்டும், கார் ஓட்டக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது, கழிவறை, சமையலறை, அதற்கு மேல் ஓரடி கூடாது. ஒழுங்காக இருந்தால் கல்யாணத்தன்று நடக்கலாம், ஒரு போல்கா நடனமும் ஆடலாம் என்றார். குதிகாலுக்கு ஐஸ் வைக்கச் சொன்னார். வீட்டில் ஐஸ் இல்லை, அம்மா உன் கல்யாணத்துக்கென்று செய்து உறையவைத்த பியரோகி, அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைப் பைதான் இருந்தது. அதை வைத்தேன். நேற்று உன் மாமா சாப்பிட வந்தபோது அம்மா எந்தப் பையை எடுத்து வேகவைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆக, எழுத்தில் கொடுத்துவிட்டேன். டாக்டர் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன். நாற்காலியை விட்டு நகருவதில்லை. நீ பிறந்த அன்று உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்தவன் நான். இந்த நடையையும் எனக்கே வைத்துவை.

மாப்பிள்ளைக்கும் சம்பந்திகளுக்கும் என் அன்பைச் சொல். மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
லென்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகுதான் உறைத்தது, எங்கள் தெருமுனைப் பெட்டியில் சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு போட்டது திங்கட்கிழமைதான் எடுப்பார்கள். உன் கெடுவோ நாளைக் காலை பூசை. காரை அம்மா எடுத்துப் போய்விட்டாள். அதனால் இரண்டரை மைல் நடந்து நானே கொண்டுவந்துவிட்டேன். உறையைப் பிரித்து இதை உன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கழற்றிய பூட்ஸ் பக்கத்தில் கிடக்கிறது, கால் வீங்கிவிட்டதால் திரும்ப மாட்ட முடியவில்லை. டாக்டர் சமையலறை வரை நடக்கலாம் என்றார், யாருடைய சமையலறை என்று சொல்லவில்லை. உன்னுடையதற்கு இன்னும் பதினோரு படி இருக்கிறது. இதை உன் கதவுத் துளையில் போட்டுவிட்டு மணி அடிக்கிறேன், இறங்கி வந்து கை கொடு. ஒத்திகை என்று வைத்துக்கொள்வோம்.