எழுந்திரு ஐயாவும் தேய்ந்த செருப்பும்

நடக்க முடியாதவர்கள் நடக்கப்போகும் வேடிக்கையைப் பார்க்க, நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். மண்டபம் கொள்ளவில்லை. ஜன்னல் கம்பியில் தொங்கியவர்கள், விழுந்து கால் முறிந்தாலும் கவலையில்லை என்ற தெம்பில் தொங்கினார்கள். உள்ளே எழுந்திரு ஐயா இருக்கும்போது கால் ஒரு பொருட்டா?

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வேறு. அது ஏதாவது காவல் நிலையத்துக்குத் தெரிந்திருக்கலாம். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஐயா உள்ளங்கையை நீட்டி, "எழுந்திரு!" என்பார். முடங்கிக் கிடந்தவன் எழுந்து நடப்பான். கையில் காந்த சக்தியாம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஐயாவின் விரல்களில் இருந்த மோதிரங்களைப் பார்த்தால் பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

மேடைக்கு அடியில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் புகார் அக்கா. தண்ணீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுப்பவள். "இன்னைக்குத் தண்ணி வராதுங்க. குழாயைப் பார்த்துக்கிட்டு நிக்காம வேற வேலையைப் பாருங்க" என்று அவள் சொன்னால் ஊரே குடத்தை உள்ளே எடுத்து வைத்துவிடும். வரும் என்றால் வரும், வராது என்றால் வராது. அவள் குரல் எல்லாருக்கும் தெரியும். ஆளைத்தான் யாருக்கும் தெரியாது.

இந்த மண்டபத்துக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அவள் அம்மா ஐயாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். தன் காலையல்ல, மகளின் நாற்காலியைத் தருவதாக.

அதுதான் ஐயாவின் சட்டம். நம்பிக்கை உள்ளவன் நாற்காலியை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். கால் தானாக வரும். வராவிட்டால் நம்பிக்கை போதவில்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் போன தடவை விட்டுவிட்டு வந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் தைப்பது கூரையைத்தான், கண்ணால்.

"நாளைக்கு நான் எப்படிம்மா வேலைக்குப் போவேன்?" என்றாள் புகார் அக்கா.

"நடந்து போவே."

"நடக்கலைன்னா?"

"ஆரம்பத்துலயே அபசகுனமா பேசாதே. உனக்கு நம்பிக்கையில்லேன்னுதான் உன் காலே உன்னை நம்ப மாட்டேங்குது."

புகார் அக்கா குனிந்து நாற்காலிச் சக்கரத்தைப் பூட்டினாள்.

மஞ்சள் சட்டை போட்ட தொண்டன் ஒருவன் வந்தான். நாற்காலியின் கைப்பிடியில் 'காணிக்கை' என்று எழுதிய ஒரு சீட்டைக் கட்டினான். பிறகு புகார் அக்காவைக் காட்டி அம்மாவிடம் கேட்டான்.

"பேசுமா?"

"பேசும்," என்றாள் புகார் அக்கா. "பக்கத்துல வந்தா கடிக்கும்."

தொண்டன் இரண்டடி தள்ளி நின்று, அப்போதும் அம்மாவையே பார்த்து, "சாமான் எதுவும் நாற்காலியில விட்டுட வேண்டாம்னு சொல்லுங்கம்மா" என்றான்.

"மேடை ஏற இத்தனை படி இருக்கே, சாய்வா ஒரு பாதை கிடையாதா தம்பி?"

"குணமானப்புறம் சாய்பாதை எதுக்குங்க?"

"குணமாகிறதுக்கு முன்னாடி ஏறணுமே?"

அந்த யோசனை அவனுக்கு அதுவரை வந்ததில்லை. வந்ததும் பயந்துபோய் வேறு பக்கம் நகர்ந்துவிட்டான்.

விளக்குகள் மங்கின. ஐயா வந்தார். பின்னாலேயே இரண்டு தொண்டர்கள் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு மீசைக்காரன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"பன்னிரண்டு வருஷம்!" என்று முழங்கினார் ஐயா. "பன்னிரண்டு வருஷமா இந்தப் பிள்ளையோட கால் பூமியைத் தொடலை! சுண்டுவிரல்கூட அசையலை!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. பாவம் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்கு நுழைவுச்சீட்டு வாங்கக்கூட மக்கள் தயார்.

நாற்காலியை மேடை விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மீசைக்காரனின் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நின்றவர்களுக்கு அவன் முகம் தெரிந்தது. படியேற வழியில்லாமல் கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு அவன் செருப்பின் அடிப்பாகம் தெரிந்தது.

குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, காகிதம்போல் இருந்தது. கட்டைவிரல் இடத்தில் ஓட்டை. காலையில் பெய்த மழையின் சேறு இன்னும் காயவில்லை.

புகார் அக்கா குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியது. மேல்வார் வெளுத்துவிட்டது. அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு மட்டும் அப்படியே பளபளத்தது.

ஐயா கையை நீட்டினார். "எழு..."

"ஒரு நிமிஷம் ஐயா!"

ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் குரல் கடைசி வரிசை வரை போனது.

"யாரது குறுக்கே? நம்பிக்கை இல்லாதவங்க வெளியே போகலாம்!"

"போகலாம்தான் ஐயா, வெளியேயும் படிதானே வெச்சிருக்கீங்க? இது என் செருப்பு. எட்டு வருஷமா போட்டிருக்கேன், அடி தேயலை. ஏன்னா நான் நடக்கலை. பன்னிரண்டு வருஷம் பூமியைத் தொடாதவர் செருப்பு எப்படி ஐயா ஓட்டையாச்சு?"

"ஏ, இது புகார் அக்கா குரலுடா!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அட, ஆமா! தண்ணி அக்கா!"

"அந்த அக்கா சொன்னா சரியா இருக்குமே..."

ஐயா அசரவில்லை. அசந்தால் அந்தத் தொழிலில் நிற்க முடியுமா? "அது அவன் அண்ணன் செருப்பும்மா. ஏழைக் குடும்பம்."

"சரிங்க ஐயா. செருப்பைக் கடன் வாங்கலாம். குதிகாலைக் கடன் வாங்க முடியுமா? கழற்றிக் காட்டச் சொல்லுங்க. என் குதிகால் பச்சைக் குழந்தை கன்னம் மாதிரி இருக்கும். அவர் குதிகாலையும் பார்த்துடலாம்."

ஒரு லாரி ஓட்டுநர், ஆறடி ஆள், ஒரே தாவலில் மேடையேறி மீசைக்காரனின் செருப்பைப் பிடித்தார். பிடித்ததுதான் தாமதம், பன்னிரண்டு வருடம் சுண்டுவிரல் அசையாத கால் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது. ஓட்டுநர் மறுபடி கையை நீட்டினார். மீசைக்காரன் துள்ளிக் குதித்து, பின்வாசல் வழியாக ஓடினான். ஐயா அப்போது "எழுந்திரு" என்று முழுதாகச் சொல்லியிருக்கவே இல்லை. அவருடைய வாழ்நாளில் அதைவிட வேகமான குணம் வேறு கிடையாது.

ஐயா இரண்டாவதாக ஓடினார். வேட்டி தடுக்கி விழுந்தார். யாரும் "எழுந்திரு" என்று சொல்லவில்லை. காவலர் வரும்வரை லாரி ஓட்டுநர் அவர்மேல் உட்கார்ந்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை. பூட்டை உடைத்துப் பார்த்தால், கூரை முட்ட சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள். பாதிக்குப் புது வண்ணம் அடித்து விற்பனைக்குத் தயாராக வைத்திருந்தார்கள். ஒன்றின் கைப்பிடியில் ஊசி குத்தும் பஞ்சுத் திண்டு கட்டியிருந்தது. அம்மாவுக்கு அது யாருடையது என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் நாற்காலியில் கட்டியிருந்த சீட்டைப் பிய்த்து எறிந்தாள்.

"தையல்காரர் வீட்டுக்கு அவர் நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"என்னையா கேக்கறே?"

"உன்னைத்தான் கேக்கறேன்."

"போலாம்."

கதை இங்கே முடிந்திருந்தால் ஊர் திருந்திவிட்டது என்று எழுதிவிடலாம். ஊர் அப்படியெல்லாம் எழுத விடுமா? ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடி வந்து, புகார் அக்காவின் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"அம்மா, கடவுள் உங்க காலை எடுத்துட்டு வாக்குல சக்தியை வெச்சிருக்கார். என் பிள்ளை தலையில கை வையுங்க."

பின்னாலேயே ஒரு வரிசை சேர ஆரம்பித்தது. மஞ்சள் சட்டைத் தொண்டன் பழக்க தோஷத்தில் அதை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

புகார் அக்கா வரிசையை ஒருமுறை பார்த்தாள். தொலைபேசியில் பேசும் அதே குரலில் சொன்னாள்:

"சக்தியெல்லாம் வராதுங்க, நின்னுக்கிட்டு இருக்காதீங்க. கூப்பின கையைப் பிரிச்சு, அந்த மேடைப் பலகை ரெண்டைத் தூக்கி வாசப்படியில சாய்ச்சுப் போடுங்க. நான் வெளியே போகணும். நான் உட்கார்ந்த இடத்துலேயே யோசிச்சேன். யோசிக்கறதுக்கு யாரும் வந்து 'எழுந்திரு'ன்னு சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க."