மண்டோர் வீரமுத்துவின் சுங்கான்

உயிரே போனாலும் புகைபிடிக்கும் சுங்கானை விடுவதில்லை என்று, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீரமுத்து முடிவு கட்டிவிட்டார். சும்மாவா? சீமைக்குத் திரும்பிய பழைய துரை, தன் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த சுங்கான்! கூடவே நாலு டின் புகையிலை. அந்த மகராசனை நினைத்து நினைத்து உருகினார். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றால், மலாயாவின் கெமாஸ் பக்கத்து ரப்பர் மரமெல்லாம் தனக்குச் சலாம் போடுவதாகவே அவருக்குத் தோன்றும்.

வந்த வினை இருமல். விடியற்காலைப் பெரட்டு வரிசையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தால் பேர் வராது, இருமல்தான் வரும். புதுத் துரை முகம் சுளித்தார்.

"ஒரு மாசம். இருமல் நிக்கலே, நீ மண்டோர் இல்லே. புல்லு வெட்டு!"

"புகையை விடுங்கன்னு ஆஸ்பத்திரி டிரசர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே!" என்றாள் மனைவி ராக்கம்மா.

"அந்தாளுக்கு என்னா தெரியும்? சுருட்டுதான் இருமல் தரும்டி. இது துரைமார் சாமான், நெஞ்சுக்கு நல்லது லா!"

"அப்படியா? அப்பக் குடிங்க. நானே அடைச்சுத் தர்றேன்."

வீரமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியை மடக்கியாயிற்றே! தினம் மூன்று வேளை அவள் அடைத்துக் கொடுத்தாள். இவர் காலாட்டிக்கொண்டு இழுத்தார். பக்கத்து வீட்டு மணியத்தைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார்.

"என்னமோ பச்சிலை வாடை அடிக்குதே மண்டோரே?"

"சீமை வாசனைடா! உனக்கெல்லாம் எங்கே பிடிபடும்?"

இருமல் குறைந்தது. மாசம் முடிவதற்குள் அடியோடு நின்றது. கெடு நாளன்று நூற்றிருபது பேரையும் கணீரென்று கூப்பிட்டார். துரை தலையாட்டினார். வேலை பிழைத்தது.

வீட்டுக்கு ஓடிவந்து சுங்கானைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் வேலையைக் காப்பாத்தின தெய்வம்டி இது! என்னா ஒசத்திப் புகையிலை பாத்தியா?"

"புகையிலை ஏது? ஆடாதோடை. கொஞ்சம் துளசி. பறிச்சு நானே காயவச்சேன். மொத வாரம் பாதிக்குப் பாதி, அப்புறம் முச்சூடும் எலைதான்."

வீரமுத்து வாயைப் பிளந்தார். கோபம் வரப் பார்த்தது. வருவதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. காப்பாற்றியது துரையுமில்லை, சுங்கானுமில்லை, இந்தப் புண்ணியவதிதான்!

"நீ நல்லா இருக்கணும் ராக்கம்மா," என்று தழுதழுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்ப... அந்த நாலு டின்னுல மிச்சம் அப்படியே இருக்குல்ல?" என்றார்.

"எங்கேருந்து இருக்கும்? வெத்தலையோட நாந்தான் போட்டுத் தீத்தேன். நீங்க சொன்னது நெசந்தாங்க, ஒசத்திப் புகையிலை!"